பதினேழாம் எண் பை

எங்கள் தெருவில் பளிச்சக்காவைப் போல் சுத்தம் பார்க்கிற ஆள் இன்னொருத்தர் பிறக்கவில்லை. பிறந்திருந்தால் அவளே பிடித்து ஒரு தடவை குளிப்பாட்டி அனுப்பியிருப்பாள். சோப்பைத் தேய்ப்பதற்கு முன்னால் சோப்பைக் கழுவுவாள். துடைப்பத்தைக் கழுவ ஒரு பிரஷ், அந்தப் பிரஷ்ஷைக் கழுவ இன்னொரு பிரஷ் வைத்திருந்தாள். அவள் வீட்டுக்குள் தெரியாமல் நுழைந்த ஒரு ஈ, வாசல் மிதியடியில் கால் துடைத்துவிட்டுப் போனதை நானே பார்த்தேன். நான் பொய் சொல்கிறவன் இல்லை. கொஞ்சம் கூட்டிச் சொல்வேன், அவ்வளவுதான்.

தண்ணீர் இலாகாவில் முப்பத்து நான்கு வருஷம் மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இந்த ஊரில் நான் குனியாத தோட்டம் இல்லை, என்னைத் துரத்தாத நாய் இல்லை. என் வீடு பதினாறு, அவள் வீடு பதினேழு, நடுவே நெஞ்சு உயரச் சுவர். அவள் வீட்டுக் குழாய் ஓடுகிற சத்தத்தை வைத்தே அவள் மனசு எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். சீராக ஓடினால் நிம்மதி. விட்டு விட்டு ஓடினால் புருஷனோடு வாக்குவாதம். மூடாமல் ஓடிக்கொண்டே இருந்ததைப் பல வருஷம் நான் கேட்டதில்லை. அதைக் கேட்க வேண்டி வந்த கதைதான் இது.

புருஷன் பஸ் டிரைவர். பரந்த மனசு, அதைவிடப் பரந்த வாய். குழந்தை ஒன்றே ஒன்று, இரண்டரை வயசுப் பெண். சுண்டுவிரல் அளவில் பிறந்ததால் சுண்டு என்றே பேர் நின்றுவிட்டது. வீட்டுக்குப் பின்னால் பளிச்சக்கா கீரை போட்டிருந்தாள். தெருவில் அவள் கீரையைத் தின்னாத வீடு கிடையாது. வேரை அலசி, தண்டைத் துடைத்து, பூங்கொத்து மாதிரி கட்டி வாசலில் வைத்துவிட்டுப் போவாள்.

அந்த வருஷம் பல்கலைக்கழகத்திலிருந்து ஆராய்ச்சிக்காரர்கள் வந்தார்கள். ஊருக்குள் இருக்கிற மண், மரம், பூச்சி, வெயில் இதையெல்லாம் எங்களுக்குச் சொல்லிக்கொடுப்பது, எங்களை வைத்தே அளந்து எடுத்துக்கொள்வது, இதுதான் திட்டம். நூலகத்து மாடி அறையில் சனிக்கிழமை தோறும் வகுப்பு. டீயும் பிஸ்கட்டும் உண்டு என்று தெரிந்ததும் தெருவுக்கே அறிவுப் பசி வந்துவிட்டது. முதல் வாரம் எறும்பு எண்ணினோம். இரண்டாவது வாரம் கூரையின் சூட்டை அளக்கக் கருவி கொடுத்தார்கள். எங்கள் தெரு டெய்லர் அதை அக்குளில் வைத்துப் பார்த்துவிட்டு, தனக்குக் காய்ச்சல் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். மூன்றாவது வாரம் மண்.

பாடம் எடுத்தது ஒல்லியான ஒரு பெண். மண்ணு டீச்சர் என்று பேர் வைத்துவிட்டோம். வீட்டுக்கு ஒரு காகிதப் பை கொடுத்தாள். பையின் மேல் வீட்டு எண்.

"தோட்டத்துல அஞ்சு இடம். குழந்தைங்க விளையாடற இடம், காய்கறி போடற இடம். ஒரு கை ஆழம் தோண்டி, இருக்கறதை இருக்கற மாதிரியே போடுங்க. சலிக்க வேணாம், கல்லு பொறுக்க வேணாம், அலங்காரம் பண்ண வேணாம்" என்றாள்.

எல்லோரும் சிரித்தோம். பளிச்சக்கா சிரிக்கவில்லை.

மறுநாள் காலையில் பார்க்கிறேன், அவள் முன்வாசலில் உட்கார்ந்து பூந்தொட்டியைக் கிளறிக்கொண்டிருந்தாள். நர்சரியில் மூட்டையாக வாங்கி வந்து போட்ட மண். டீத்தூள் மாதிரி ஒரே சீராக இருந்தது.

"என்னம்மா, தொட்டியைத் தோண்டறே?"

"பைக்கு மாமா."

"தோட்டத்து மண்ணைத்தானே கேட்டாங்க."

"தோட்டத்து மண்ணைப் பார்த்திருக்கீங்களா நீங்க? பழைய பொத்தான், துருப்பிடிச்ச ஆணி, கருப்பு கருப்பா சில்லு. அதைப் போய் நாலு படிச்சவங்க முன்னாடி கொட்டுவாங்களா? பதினேழாம் நம்பர்காரி இந்த லட்சணத்துலதான் வெச்சிருக்கான்னு எழுதி வெச்சிடுவாங்க."

"சலிக்கவாவது சலிச்சுக் குடேன்."

"ரெண்டு தடவை சலிச்சேன். அப்பவும் மூஞ்சி இல்ல மாமா அதுக்கு."

மண்ணுக்கு மூஞ்சி வேண்டும் என்று கேட்ட முதல் பெண்மணி உலகத்திலேயே இவள்தான் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே உள்ளே போனேன். அந்தச் சிரிப்புக்காக நான் பிற்பாடு பட்ட பாட்டைச் சொல்லி மாளாது.

இரண்டு மாதம் கழித்து முடிவு சொல்லக் கூப்பிட்டார்கள். திரையில் எண்ணும் கோடுமாக ஒரு படம். பச்சைக் கோடு என்றால் பயமில்லை, மஞ்சள் என்றால் ஜாக்கிரதை, சிவப்பு என்றால் பேசவே வேண்டாம். எங்கள் வரிசை முழுக்கச் சிவப்பு. என் பதினாறாம் எண் கோடு ஏறியதைப் பார்த்தால், திரை இன்னும் கொஞ்சம் உயரமாக இருந்திருந்தால் கூரையைப் பிய்த்துக்கொண்டு போய் மேலே பறக்கிற காக்கையைக் குத்தியிருக்கும்.

"இது ஈயம்" என்றாள் மண்ணு டீச்சர். அன்றைக்கு அவளும் சிரிக்கவில்லை. "கண்ணுக்குத் தெரியாது, வாசனை கிடையாது. பெரியவங்களைவிட சின்னக் குழந்தைங்களுக்குத்தான் ஆபத்து. மண்ணுல விளையாடுவாங்க, கை வாய்க்குப் போகும். மூளை வளர்ற வயசு. வெளிய பார்த்தா நல்லாத்தான் இருப்பாங்க. பேச்சு லேட்டா வரும். படிப்பு ஏறாது. ஏன்னு யாருக்கும் தெரியாது."

அறையில் பிஸ்கட் கடிக்கிற சத்தம் நின்றது.

சிவப்புக்கு நடுவே ஒரே ஒரு பச்சை, குட்டையாக, பதினேழு.

"பாருங்கய்யா. மண்ணைக்கூடத் துவைச்சுக் காயப் போட்டிருக்காங்க எங்க அக்கா" என்றார் டெய்லர். அந்தப் பயத்திலும் நாலு பேர் சிரித்தார்கள்.

மண்ணு டீச்சர் மட்டும் அந்தப் பச்சையையே பார்த்தாள். "பதினாறும் பதினெட்டும் இவ்வளவு இருக்கறப்ப பதினேழு மட்டும் எப்படி? மறுபடி ஒரு தடவை எடுத்துப் பார்த்துடலாம்."

"எதுக்குங்க மறுபடி? அதான் மெஷினே சொல்லிடுச்சே." டிரைவர் எழுந்து நின்றுவிட்டார். "இங்க பாருங்க, எல்லாருக்கும் சொல்றேன். உங்க தோட்டமெல்லாம் சரியாகற வரைக்கும் பிள்ளைங்களை நம்ம வீட்டுக்கு அனுப்புங்க. பதினேழாம் நம்பர் கேட் திறந்தே இருக்கும். கீரையும் நம்ம கீரையே சாப்பிடுங்க."

கைதட்டினார்கள். நான் பளிச்சக்காவைப் பார்த்தேன். அவள் முகத்தில் ரத்தம் இல்லை. மடியில் சுண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். இரண்டரை வயசில் அந்தக் குழந்தைக்கு மொத்தம் நாலு வார்த்தைதான் வரும்: அம்மா, பஸ், தா, போ.

சிவப்பு வீட்டுக் குழந்தைகளுக்கு அடுத்த சனிக்கிழமை அதே அறையில் ரத்தப் பரிசோதனை என்று பட்டியல் எழுதினார்கள். பச்சை வீட்டுக் குழந்தையை யார் எழுதப் போகிறார்கள்?

திங்கட்கிழமை சாயங்காலம் பதினோரு பிள்ளைகள் வந்தன. பந்து, வாளி, கரண்டி எல்லாம் கொண்டு வந்திருந்தன. பளிச்சக்கா கேட்டை ஒரு சாண் மட்டும் திறந்தாள்.

"இன்னிக்கு வேணாம் கண்ணுங்களா. தோட்டத்தைக் கழுவி விட்டிருக்கேன், வழுக்கும்."

வேறு யார் சொன்னாலும் சிரிப்பார்கள். அவள் சொன்னதால் நம்பிவிட்டுப் போய்விட்டார்கள். செவ்வாய்க்கிழமை குளவி கூடு கட்டியிருக்கிறது என்றாள். புதன்கிழமை பிள்ளைகளோடு டெய்லரின் மனைவியே வந்து நின்றாள்.

"என்னக்கா, குளவி காலி பண்ணிடுச்சா?"

"இன்னும் ரெண்டு நாள் ஆகும்மா."

"அப்புறம் என்ன வரும்? பாம்பா? சிங்கமா? உங்க வீட்டுக்காரர் எந்திரிச்சு நின்னு சொன்னப்ப நல்லாத்தானே இருந்துச்சு. எங்க பிள்ளைங்க கால் பட்டா உங்க தோட்டம் அழுக்காயிடும், அப்படித்தானே? நேரா சொல்லிடுங்க. நாங்க ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டோம்."

"அப்படியெல்லாம் இல்லம்மா."

"இல்லைன்னா கேட்டைத் திறங்க."

பளிச்சக்கா கேட்டை மூடினாள். கொக்கி விழுகிற சத்தம் எனக்குக் கேட்டது. பதினோரு பிள்ளைகளும் வாளியை ஆட்டிக்கொண்டு திரும்பின. தெரு முழுக்க, அண்டம் முழுக்க, பளிச்சக்காவுக்குத் தலைக்கனம் என்று பேச்சுப் பரவ கால் மணி நேரம் ஆகியிருக்காது. அவள் அதை வாங்கிக்கொண்டாள். அந்தக் கெட்ட பேர் வாங்கிய மூன்று நாளும் பதினோரு பிள்ளைகள் அந்த மண்ணைத் தொடவில்லை என்பதை நான் மட்டும்தான் அறிவேன்.

வியாழக்கிழமை மத்தியானம் குழாய் ஓடத் தொடங்கியது. ஓடிக்கொண்டே இருந்தது. அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம். மீட்டர் முள் சுற்றுகிற சுற்றில் மீட்டரே கழன்று பறக்கும் என்று பட்டது. எட்டிப் பார்த்தேன். குழாயடியில் சுண்டுவை நிறுத்தி, விரல் நகத்தை ஒவ்வொன்றாகப் பிரஷ் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். குழந்தை "போ, போ" என்று அழுதது.

"அம்மா, விடும்மா. தோல் போயிடும்."

அவள் குழாயை மூடிவிட்டு என் பக்கம் வந்தாள். உள்ளங்கையை விரித்தாள். எச்சில் ஈரத்தோடு கருப்பாக ஒரு சில்லு, விரல் நகம் அளவு.

"இதை வாயில போட்டு சப்பிட்டு இருந்தா மாமா. மிட்டாய் மாதிரி. இன்னிக்கு மட்டும் இல்ல. நடக்க ஆரம்பிச்சதுல இருந்தே. நான் பிடுங்கிப் பிடுங்கிப் போடுவேன். அழுக்குன்னுதான் நெனைச்சேன். வெறும் அழுக்குன்னு." அவள் குரல் தாழ்ந்தது. "இது என்னது மாமா?"

எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்து நாற்பது வருஷம் ஆகிறது. அந்த இடத்தில் பொய் சொல்லவும் வரவில்லை, கூட்டிச் சொல்லவும் வரவில்லை.

"பேட்டரி மேல் ஓட்டுச் சில்லும்மா. நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல இங்க வீடெல்லாம் இல்ல. பெரிய ஷெட் ஒண்ணு இருந்துச்சு. பழைய பேட்டரியைச் சுத்தியலால உடைச்சு, உள்ள இருக்கறதை உருக்குவாங்க. உடைஞ்ச ஓடுகளை இங்கதான் கொட்டுவாங்க. நான் அங்க மீட்டர் பார்த்திருக்கேன். அப்புறம் ஷெட்டை இடிச்சாங்க, மேல மண்ணைப் போட்டாங்க, மனை போட்டு வித்தாங்க. நானே ஒண்ணு வாங்கினேன்."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"யாரும் கேக்கலை."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கோபம் இல்லை. என்னிடம் பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கிறதா என்று தேடுகிற பார்வை.

"நானும் சொல்லலையே மாமா. தொட்டி மண்ணுன்னு நானும்தானே சொல்லலை."

"நீ போட்டதை நான் பார்த்தேன். பார்த்துச் சிரிச்சேன்."

"பதினோரு பிள்ளைங்க. அந்த டெய்லர் வீட்டுப் பொண்ணு சுண்டுவைவிடச் சின்னது. இன்னிக்கும் வருவாங்க. சொல்றதுக்குப் பொய் தீர்ந்து போச்சு." புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள், அவள் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை. "கீரை மாமா. எத்தனை வருஷமா குடுத்திருக்கேன். கழுவிக் கழுவிக் குடுத்தேனே. எல்லார் வீட்டு வயித்துலயும் அதுதானே போயிருக்கு. சொன்னா என்னைத் தெருவுல நிக்க விடுவாங்களா? இவர் மூஞ்சியை எங்க கொண்டு போய் வெச்சுக்குவார்? பஸ்ஸுல ஏறறவங்க இறங்கறவங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரியறார், எங்க வீட்டு மண்ணுதான் மண்ணுன்னு."

"சொல்லாம இருந்தா?"

அவள் சுண்டுவைப் பார்த்தாள். குழந்தை ஈரக் காலோடு மறுபடி தோட்டத்துப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டாள்.

"சொல்லாம இருந்தா அந்த லிஸ்ட்ல இவ பேர் வராது" என்றாள். "நாலு வார்த்தைதான் மாமா பேசறா. நாலே நாலு. பொறந்ததுல இருந்தே அவ மெதுவான்னு நான் எல்லார்கிட்டயும் சிரிச்சுட்டே சொல்லிட்டு இருந்தேன்."

அன்றைக்குப் பிள்ளைகள் வரவில்லை. டெய்லரின் மனைவி தடுத்துவிட்டாள் போலிருக்கிறது. ரோஷத்துக்கு நான் நன்றி சொன்னது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

சனிக்கிழமை காலை நூலகத்து மாடியில் கூட்டம் நெரிந்தது. ஒரு பக்கம் நர்ஸ், ஊசி, பஞ்சு. அழுகிற பிள்ளைகள் அழ, அழாத பிள்ளைகள் அதைப் பார்த்து அழ, கட்டிடமே ஊசி போட்டுக்கொண்டது மாதிரி அலறியது. மறுபக்கம் மண்ணு டீச்சர், துளையிடும் மெஷின் மாதிரி ஒரு கருவியோடு. அதை மண்ணில் அழுத்திப் பிடித்தால் ஒரு நிமிஷத்தில் எண் காட்டுமாம். டிரைவர் உபகாரத்துக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

பளிச்சக்கா படியேறி வந்தாள். இடுப்பில் சுண்டு, கையில் ஒரு பை. வாசலில் நின்றிருந்தவர்கள் தாமாகவே விலகினார்கள். அவள் கையைப் பார்த்துவிட்டு விலகினார்கள். முழங்கை வரை மண். நகத்துக்குள் மண். முந்தானையில் மண். இருபது வருஷத்தில் அவளை அப்படிப் பார்த்தவர் எவரும் கிடையாது.

நேராக மேஜைக்குப் போனாள். விரித்திருந்த வெள்ளைத் தாளின் மேல் பையைக் கவிழ்த்தாள். பொத்தான் விழுந்தது, ஆணி விழுந்தது, கருப்புச் சில்லுகள் விழுந்து உருண்டன.

"இதுதான் எங்க தோட்டத்து மண்ணு" என்றாள். "நான் முன்னாடி குடுத்தது தொட்டி மண்ணு. கடையில வாங்கினது. இதைக் குடுக்க அசிங்கமா இருந்துச்சு, அதனால மாத்திட்டேன்."

மண்ணு டீச்சர் கருவியை எடுத்து அந்தக் குவியலில் அழுத்தினாள். அந்த ஒரு நிமிஷத்தில் ஒரு மனிதனுக்குப் பேரன் பேத்தி பிறந்து கல்யாணமாகிவிடும், அவ்வளவு நீளம். கருவி கூவியது. எண்ணைப் பார்த்த அவள் அதைச் சத்தமாகப் படிக்கவில்லை. "பதினாறைவிட அதிகம்" என்று மட்டும் சொன்னாள்.

டெய்லரின் மனைவி முன்னால் வந்தாள். "அதுக்குத்தான் கேட்டைத் திறக்கலையா?"

பளிச்சக்கா தலையை மட்டும் ஆட்டினாள்.

"எங்களுக்குக் குடுத்த கீரை?"

"இதுல வளர்ந்ததுதாம்மா."

அடி விழும் என்றுதான் நான் நினைத்தேன். நான் எழுந்து நின்றேன். பேட்டரி ஷெட்டைப் பற்றிச் சொன்னேன். சுவர் எங்கே இருந்தது, பேட்டரி ஓடுகளை எங்கே கொட்டினார்கள், எல்லாம் ஜோடனை இல்லாமல். என் வாழ்க்கையில் அலங்காரம் பண்ணாமல் நான் பேசிய ஒரே பேச்சு. மண்ணு டீச்சர் குறித்துக்கொண்டே, "இதை முதல் வாரமே சொல்லியிருக்கலாமே சார்" என்றாள். முதல் வாரம் நாங்கள் எறும்பு எண்ணிக்கொண்டிருந்தோம்.

டெய்லரின் மனைவி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நீங்க ரெண்டு பேரும் பண்ணினதுக்கு நான் அப்புறமா பேசிக்கறேன்" என்றாள். பிறகு பளிச்சக்காவின் இடுப்பிலிருந்த குழந்தையைப் பார்த்தாள். "முதல்ல இவளுக்கு எடுக்கச் சொல்லுங்க. எங்க வரிசைக்கு முன்னாடி உட்காருங்க."

அதுவரை ஜன்னலோரம் நாற்காலியைப் பிடித்தபடி நின்ற டிரைவர் வந்து குழந்தையை வாங்கிக்கொண்டார். நர்ஸின் முன் உட்கார்ந்து, சுண்டுவின் சட்டைக் கையைத் தானே மேலே ஏற்றிவிட்டார்.

முடிவு வர ஒரு வாரம் ஆயிற்று. வந்தது கெட்ட சேதிதான். வரிசையிலேயே சுண்டுவுக்குத்தான் அதிகம். டாக்டர் மருந்து தரவில்லை. மண்ணிலிருந்து பிரித்து வையுங்கள், பால், முட்டை, சத்தான சாப்பாடு கொடுங்கள், வீட்டை ஈரத்துணியால் துடையுங்கள், மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றார். ஈரத்துணி என்றதும் டிரைவர் தலையை நிமிர்த்தினாராம். "தினம் மூணு தடவை துடைக்கறா டாக்டர்." அப்படித் துடைக்காமல் இருந்திருந்தால் இன்னும் ஏறியிருக்கும் என்றாராம் டாக்டர். அதை வீட்டுக்கு வந்து டிரைவர் சொன்னபோது அவள் அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை.

கீரையை வேரோடு பிடுங்கி, ஆராய்ச்சிக்காரர்கள் கொண்டுபோனார்கள். எங்கள் வரிசைத் தோட்டமெல்லாம் கனத்த துணி விரித்து, மேலே மரத்தூள் கொட்டி மூடினார்கள். சனிக்கிழமை வகுப்பு நிற்கவில்லை. கூட்டம்தான் கூடியது, பிஸ்கட்தான் யாரும் எடுக்கவில்லை. பளிச்சக்கா முன்வரிசையில் உட்கார்ந்தாள். அவள் இரண்டு பக்கமும் இரண்டு நாற்காலி பல வாரம் காலியாக இருந்தன. அப்புறம் ஒன்றில் டெய்லரின் மனைவி உட்கார்ந்தாள். பேசவில்லை. உட்கார்ந்தாள்.

பூந்தொட்டிகளில் இருந்த மண்ணையெல்லாம் ஒரு அகலமான பிளாஸ்டிக் தொட்டியில் கொட்டி முன்வாசலில் வைத்தாள் பளிச்சக்கா. சுண்டுவுக்குத் தோண்ட அனுமதிக்கப்பட்ட உலகம் அவ்வளவுதான். குழந்தை தோண்டும்போதெல்லாம் தாய் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து அந்தக் கையையே பார்ப்பாள். கை முகத்தை நோக்கி அசைந்தால் போதும், மூச்சை நிறுத்திவிடுவாள். நானும் சுவருக்கு இந்தப் பக்கம் நிறுத்துவேன்.

மூன்று மாதம் முடிந்து, இரண்டாவது தடவை ரத்தம் எடுத்து, ஆறாவது நாள். காலை பத்து மணி இருக்கும். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள், குழாய் சீராக ஓடியது. போன் அடித்தது. கையிலிருந்த பாத்திரத்தைப் போட்டுவிட்டு ஓடினாள்.

குழாயை மூடவில்லை.

தண்ணீர் பாத்திரத்தில் நிரம்பி, வழிந்து, தரையில் விழுகிற சத்தம் வரை எனக்குக் கேட்டது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடலெல்லாம் அந்தக் குழாய் வழியாக வந்துகொண்டிருந்தது. உள்ளே பேச்சுக் குரலே இல்லை. அவள் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தாள். முப்பத்து நான்கு வருஷத்தில் எத்தனை கோடி லிட்டர் ஓடியதைக் குறித்திருப்பேன், ஒரு துளிக்கும் நான் இப்படிப் பயந்ததில்லை.

குழாய் நின்றது.

கொஞ்ச நேரம் கழித்துச் சுவரோரம் வந்தாள். புடவை நனைந்திருந்தது.

"பாதியாயிருக்காம் மாமா."

"மீதி?"

"இறங்கும்ங்கறாங்க. மெதுவா இறங்குமாம். இன்னும் மூணு மாசம் கழிச்சுப் பார்க்கணும். வராம போன வார்த்தையெல்லாம் இனிமே வருமான்னு கேட்டேன். சொல்ல முடியாது, பேசிக்கிட்டே இருங்கன்னாங்க."

முன்வாசலிலிருந்து சுண்டு வந்தாள். இரண்டு கையிலும் மண். தாயின் நனைந்த புடவையை ஒரு கையால் பிடித்தாள். ஐந்து விரலும் அச்சாகப் பதிந்தன. பளிச்சக்கா குனிந்து அந்த அச்சைப் பார்த்தாள். குழாய் இரண்டடி தூரத்தில்தான் இருந்தது. அவள் அங்கே போகவில்லை.

"மண்ணு" என்றாள் குழந்தை.

அதுவரை அந்த வார்த்தை அவளிடம் இல்லை. ஐந்தாவது வார்த்தை.